பத்தாவது சொல்

“என்னய ஏன் சேத்துக்க மாட்டேங்கீங்க?”

அந்தக் காலைப் பொழுதில் குற்றாலலிங்கம் இதைக் கேட்பது நாலாவது தடவை.

நப்தாலி ஒரு முட்டையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வலது கூடையில் வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

உள்ளே ரத்தப் பொட்டு இருக்கிற முட்டையை யூதர்கள் சாப்பிடக் கூடாது. அதனால் நப்தாலியின் கடையில் ஒவ்வொரு முட்டையும் விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே போகும். பொட்டு இருந்தால் இடது கூடை.

மலைக்கு மேற்கே, கடலோரத்தில் ஒரு துறைமுக ஊர். அங்கே யூதத் தெரு. தெருவில் பாதிப் பேர் கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் படித்த மனுசன் என்று இருந்தது இந்த முட்டைக்கடைக்காரர்தான். வயசு முப்பத்தாறு. தாடி மட்டும்தான் குரு மாதிரி இருக்கும்.

கேட்கிறவருக்கு வயசு அறுபத்தொன்று. தென்காசிச் சைவப்பிள்ளை, ரிட்டையர்டு சர்வேயர். முட்டை வாடைக்கே முகம் சுளிக்கிற குடும்பம். அந்த மனுசன் முட்டைக்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டே ஒற்றைக் காலில் நிற்கிறார், என்னைச் சேர்த்துக்கொள் என்று!

“சாமி...”

“சாமின்னு கூப்பிடாதீங்க அண்ணாச்சி. அந்த வேலைக்கு எங்ககிட்ட ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்.”

நப்தாலியின் தமிழ் செங்கோட்டைச் சந்தையில் கற்றது. கோழி வாங்கப் போய்ப் போய் வாய்க்கு வந்தது.

“சரி, ஐயா. இதையாவது பாருங்க.”

குற்றாலலிங்கம் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஊர் ஊராக நிலத்தை அளந்தவர் அல்லவா? மதங்களையும் விடவில்லை. மேலே ஏழு கட்டம்: சைவம், வைணவம், சமணம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம். கீழே இருபத்திரண்டு கேள்வி. ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்கு இத்தனை என்று மார்க். பதினோரு வருசத்து உழைப்பு.

“கடவுள் ஒண்ணு, உருவம் கிடையாது. இதுல நீங்களும் பாய்மாரும் சமம். ரெண்டு பேருக்கும் பத்துக்குப் பத்து.”

“ம்.”

“பிறக்கும்போதே பாவிங்காரு பாதிரியார். போன பிறவிப் பாக்கிங்காங்க நம்ம ஆளுக. நீங்கதான் ஐயா, ‘சுத்தமாத்தான் பொறந்திருக்க, இனிமே பாத்து நடந்துக்கோ’ன்னு விட்டுட்டீங்க. பத்து.”

“ம்.”

“செத்த பொறவு என்னன்னு கேட்டா மத்தவங்க ஒரு ஊரே கட்டிக் காட்டுதாங்க. உங்ககிட்ட கேட்டா, ‘அது அவர் பாடு, நீ இன்னைக்கு உள்ள வேலையப் பாரு’ங்கீங்க. என்னமா இருக்கு! பத்து. வாரத்துல ஒரு நாள் வேலைக்காரனுக்கும் மாட்டுக்கும் சேத்து ஓய்வு. மாட்டுக்கும்! பத்துக்கு மேல மார்க் இல்லையேன்னு வருத்தப்பட்டேன், ஐயா.”

நப்தாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டையைக் கீழே வைத்தார்.

“பக்கத்துக் கடை பீர்முகமது பாயைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“ஒரு நாளைக்கு அஞ்சு தடவை வியாபாரத்தைப் போட்டுட்டு எந்திரிச்சுப் போறார். ஆள் நிக்கும், ரூபாயை நீட்டும். அவர் பாட்டுக்குப் போயிருவார். நான் மூணு தடவைதான். அதுலயும் ஒண்ணை அவசர அவசரமா முடிச்சிருவேன். அதுக்கு எத்தனை மார்க் போட்டீங்க?”

“அந்தக் கேள்வி இதுல இல்லையே, ஐயா.”

“குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு முட்டை கொடுக்கப் போனேன். ஒரு கன்னியாஸ்திரி அம்மா, புண்ணைத் தன் கையால கழுவிட்டு இருந்தாங்க. பாட்டு வேற பாடிட்டே. நான் மூக்கைப் பொத்திட்டு ஓடி வந்துட்டேன். அதுக்கு?”

குற்றாலலிங்கம் நோட்டைப் புரட்டினார். அதுவும் இல்லை.

“உங்க தென்காசிக் கோயில்ல ஓதுவார் ஒருத்தர் பாடிட்டு இருந்தார். தெருவுல நின்னு கேட்டேன். என் ரயில் போயிடுச்சு. அது எனக்குத் தெரியவே இல்ல. அதுக்கு?”

குற்றாலலிங்கம் நோட்டை மூடினார்.

“அப்போ நீங்க மட்டும் ஏன் யூதரா இருக்கீங்க?”

“எங்கம்மா யூதர்.”

சொல்லிவிட்டு நப்தாலி அடுத்த முட்டையை எடுத்தார்.

ஆனால் சர்வேயர் லேசில் விடுகிற ஆளா? எத்தனை வயல்வரப்புச் சண்டையைப் பார்த்தவர்! நோட்டைத் திரும்பத் திறந்தார்.

“கடைசிக் கேள்வியப் பாருங்க. இதுதான் எனக்கு உசுரு. சேராதவன் கதி என்ன? நீங்க என்ன சொல்லுதீங்க? ‘எங்க கூட சேரவே வேண்டாம், ஏழு கட்டளைய ஒழுங்காக் கைக்கொண்டாப் போதும், எந்த ஊர்க்காரனும் நல்லவன்தான், அவனுக்கும் அங்க இடம் உண்டு’ங்கீங்க. இவ்வளவு பெரிய மனசோட எவன் எழுதி வைப்பான்? இதப் படிச்சுட்டு நான் அழுதுட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், சேந்திரணும்னு.”

“சேர வேண்டாம்னு சொன்னதனால சேர வந்தீங்க.”

“ஆமா.”

“உங்களுக்கு ஏழு. எங்களுக்கு அறுநூத்திப் பதிமூணு. ஏழோட நிம்மதியா இருக்க வேண்டிய ஆள் எதுக்கு இதைக் கேட்டு வாங்கறீங்க?”

“கூடத்தான் கேக்கேன். குறைச்சா கேக்கேன்?”

நப்தாலி அவர் பக்கம் திரும்பினார்.

“வீட்ல யாரு இருக்கா அண்ணாச்சி?”

இத்தனை நேரம் படபடவென்று பேசியவர் இதற்கு மட்டும் தாமதித்தார்.

“பிள்ளைகுட்டி கிடையாது.”

இது பொய் இல்லை. ஆனால் கேட்டதற்குப் பதிலும் இல்லை. தென்காசியில் உலகம்மாள் இருந்தாள். தாலி கட்டி முப்பத்தெட்டு வருசம். மேற்கே ஒரு குருவிடம் புருசன் பாடம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என்ன பாடம் என்று இவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“சேக்கறது அப்புறம்,” என்றார் நப்தாலி. “எழுத்துப் படிக்கறீங்களா?”

*

படித்தார். வலமிருந்து இடமாக, அறுபத்தொரு வயசில், சின்னப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

யூதத் தெருவிலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டார். மாசத்துக்கு ஒரு தடவை தென்காசிக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை சூரியன் சாயும் முன்னே தானே திரி போட்டு விளக்கேற்றினார். சனிக்கிழமை பேனாவைத் தொடவில்லை.

சனிக்கிழமை காலையில் தொழுகைக்கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்காருவார். அங்கேதான் அந்த வழக்கத்தைப் பார்த்தார்.

பத்து யூத ஆண்கள் கூடினால்தான் சில துதிகளைச் சொல்லலாம். பத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் மனுசனை எண்ணக் கூடாது. ஒண்ணு, ரெண்டு என்று எண்ணுவதற்கு மனுசன் என்ன முட்டையா? அதனால் பத்துச் சொல் உள்ள ஒரு வேண்டுதல் வரியைச் சொல்லுவார்கள். ஆளுக்கு ஒரு சொல்.

பெரியவர் அவ்ராம் தலைமை. ஒவ்வொருத்தரையாகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் நப்தாலியைப் பார்த்து ஒன்பதாவது சொல்லைச் சொல்லுவார்.

அவ்வளவுதான். வரி அங்கேயே நின்றுவிடும். பத்தாவது சொல்லுக்கு ஆள் இல்லை.

பிறகு அவரவர் தனியாக முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

எட்டு மாசம் குற்றாலலிங்கம் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அரைகுறை வரி அவருக்குத் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. நானும் ஒரு மனுசன் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேனே!

ஒரு சனிக்கிழமை, அவ்ராம் ஒன்பதாவது சொல்லோடு நிறுத்தினார்.

கடைசி பெஞ்சிலிருந்து பத்தாவது சொல் வந்தது. கணீரென்று வந்தது.

ஒன்பது பேரும் திரும்பினார்கள்.

நப்தாலியின் முகம் ஒரு கணம் மலர்ந்தே விட்டது. பிறகு கையிலிருந்த புத்தகத்தை மூடினார். அன்றைக்கும் அவரவர் தனியாக முணுமுணுத்துவிட்டுப் போனார்கள்.

வாசலில் குற்றாலலிங்கம் காத்துக்கொண்டு நின்றார்.

“தப்பாச் சொல்லிட்டேனா, ஐயா?”

“சொல் சரி அண்ணாச்சி. உச்சரிப்பும் சுத்தம்.”

“பொறவு?”

“ஆள் இன்னும் வரல.”

சொல்லிவிட்டு நப்தாலி விறுவிறுவென்று போய்விட்டார். அவர் அப்படி நடந்து குற்றாலலிங்கம் பார்த்ததில்லை.

பின்னாலேயே அவ்ராம் கைத்தடியை ஊன்றி வந்தார்.

“அவனைத் தப்பா நினைக்காதே. அப்பன் செத்துப் பத்து மாசம் ஆச்சு.”

“தெரியாதே, ஐயா! சொல்லவே இல்லையே!”

“செத்த அப்பனுக்காக மகன் ஒரு துதி சொல்லணும். பதினோரு மாசம், தினமும். பத்துப் பேர் நின்னாத்தான் சொல்லலாம். அடக்கம் முடிஞ்ச ஏழாம் நாள் ஒரு குடும்பம் கப்பலேறிப் போச்சு. அன்னைக்கோட பத்து ஒன்பதாச்சு. ஏழு நாள்தான் சொன்னான்.”

“அது என்ன துதி?”

“கடவுளைப் புகழ்றது. அதுல சாவுங்கற சொல்லே கிடையாது. முழுக்கப் புகழ்ச்சிதான்.”

குற்றாலலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். நெஞ்சு வெந்து நிற்கிறவன் வாயால் புகழச் சொல்கிறார்களே, இவர்கள் என்ன மாதிரி சனங்கள்! அதையும் தனியாகச் சொல்லாதே, ஒன்பது பேர் கூட நிற்கும்போது சொல் என்கிறார்களே! நோட்டில் இதற்குக் கட்டமே போடவில்லையே என்று நினைத்தார்.

நினைத்த கையோடு முட்டைக்கடைப் பக்கம் ஓடினார். சனிக்கிழமை, கடை பூட்டியிருந்தது. வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ஐயா, நான் பத்தாவது ஆளா வாறேன். உங்க அப்பாவுக்காகச் சேத்துக்கோங்க.”

நப்தாலியின் கண் கலங்கிவிட்டது.

“என் அப்பாவுக்காகச் சேரக் கூடாது அண்ணாச்சி.”

“சரி, எனக்காகச் சேத்துக்கோங்க. எட்டு மாசம் பாத்தீங்கள்ளா? நான் விளையாட்டுக்கா வந்தேன்? சாகுறதுக்குள்ள எனக்குன்னு ஒரு இடத்துல நிக்கணும் ஐயா. அது இந்த இடம்தான்.”

இதற்கு நப்தாலியால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. எட்டு மாசம் அவரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

“மூணு பேர் உக்காந்து கேக்கணும். கேக்கறோம்.”

*

மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நப்தாலி, அவ்ராம், சாக்கோ என்கிற மர வியாபாரி.

அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. பதினோரு மாசம் முடிய நாலு நாள் பாக்கி.

கேட்டதற்கெல்லாம் குற்றாலலிங்கம் மடைதிறந்த மாதிரி பதில் சொன்னார். எந்தப் பண்டிகை எந்த மாசம், எந்த மீனைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது. மீனைக் கையால் தொட்டறியாத மனுசர், செதில் வரை சொன்னார். சாக்கோவுக்கே அதில் பாதி தெரியாது.

“போதும் போதும்,” என்று சிரித்தார் அவ்ராம். “கடைசியா ஒண்ணு. இது எல்லாருகிட்டயும் கேக்கறதுதான். வெள்ளிக்கிழமை உன் வீட்ல விளக்கு யாரு ஏத்துவா?”

“இங்க நானே ஏத்துதேன். அங்க வீட்டுக்காரி ஏத்துவா.”

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

நப்தாலி நிமிர்ந்தார்.

“யாரு?”

“என் சம்சாரம், உலகம்மா.”

“இருக்காங்களா?”

“இருக்கா.”

“அவங்களுக்கு இது தெரியுமா?”

“தெரியாது.”

அவ்ராம்தான் மெதுவாகச் சொன்னார்.

“நீ சேர்றதுக்கு உள்ள முழுக்கைப் போட்டு எந்திரிச்சா, புதுசாப் பொறந்தவன். பழைய கல்யாணம் எங்க முறையில நிக்காது. அவளும் வரணும். இல்லன்னா ரெண்டு பேரும் பிரியணும்.”

“பிரிஞ்சுருதேன்.”

சட்டென்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு நப்தாலியைப் பார்த்தார்.

“வீடு அவளுக்கே இருக்கட்டும். அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டேன். ஐயா, இன்னும் நாலு நாள் இருக்கு. நாலு நாளாவது உங்க அப்பாவுக்கு நீங்க சொல்லலாம்.”

“நப்தாலி,” என்றார் அவ்ராம். “நாலு நாள்டா. உன் அப்பன் எனக்கு சிநேகிதன்.”

நப்தாலிக்கு ஆசையாகத்தான் இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, ‘சரி’ என்கிற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு கையை நீட்டினார்.

“நோட்டைக் கொடுங்க.”

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இருபத்திரண்டாவது கேள்விக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டார். இருபத்து மூன்று என்று எழுதினார். பக்கத்தில் ‘உலகம்மாள்’ என்று எழுதினார். சந்தையில் கற்ற தமிழ், எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

“இதுக்கு ஏழு கட்டத்துலயும் என்ன வரும்னு போட்டுட்டு வாங்க.”

“இதுக்கு எப்படி மார்க் போடுறது, ஐயா?”

“எனக்குத் தெரியாது. அவங்களைக் கேளுங்க.”

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம். உலகம்மாள் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

“வந்தீயளா? குரு நல்லா இருக்காரா?”

குற்றாலலிங்கம் பையைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாதியில் நிறுத்தினால் பிறகு வாயே வராது என்று அவருக்குப் பயம்.

அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். விரலை வைத்து, கட்டம் கட்டமாக இறங்கி, கடைசிக்கு வந்தாள்.

“என் பேரு போட்டிருக்கு. ஒரு மார்க்கும் போடலியே?”

“நீ அந்த மதத்துக்கு வருவியா, உலகு?”

“நான் எங்க வருவேன்? என் அம்மனை விட்டுட்டு எங்கயும் வர மாட்டேன். அவ பேரத்தானே எனக்கு வச்சிருக்கு.”

“வரலன்னா பிரியணும்ங்காங்க.”

அவள் திரியைத் தூண்டினாள். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“அங்கயும் வெள்ளிக்கிழமை வெளக்கு உண்டுமா?”

“உண்டு. வீட்டுப் பொம்பளைகதான் ஏத்துவாங்க.”

“உங்களுக்கு யாரு ஏத்துதா?”

“நானே.”

“உங்களுக்குத் திரி போடத் தெரியுமா?”

“அணைஞ்சு அணைஞ்சு போகும்.”

உலகம்மாள் சிரித்துவிட்டாள். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துவிட்டது. கூடவே ஆத்திரமும் வந்துவிட்டது.

“ஒரு திரி போடப் படிச்சுக்கிடல, கடவுளை அளக்கப் போயிட்டாரு! ஏழு மதத்தையும் கேட்டீயளே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீயளா? இருபத்திரண்டு கேள்வி எழுதுன மனுசனுக்கு நான் ஒரு கேள்வியாக்கூட ஞாபகம் வரல. இந்த இருபத்து மூணாவது உங்க எழுத்து இல்ல. முப்பத்தெட்டு வருசம் உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? யாரு எழுதுனா இத?”

“குருதான்.”

“பிரிஞ்சுருன்னு சொன்னது அவரா?”

“இல்ல. பெரியவர் ஒருத்தர் முறையச் சொன்னாரு. நான்தான் பிரிஞ்சுருதேன்னேன்.”

“அப்போ குரு?”

“போய் உன்னக் கேளுன்னுட்டாரு.”

குற்றாலலிங்கம் அப்போதுதான் பையைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“அவருக்கு நான் வேணும், உலகு. ரொம்ப வேணும். அவுக அப்பா செத்துப்போயிட்டாக. நான் சேந்தா பத்து ஆளு. பத்து ஆளு இருந்தாத்தான் அப்பாவுக்கு உள்ள துதியச் சொல்ல முடியும். நாலு நாள்தான் பாக்கி. நான் சரின்னுட்டேன். அவர் ஒரு வார்த்தை சரின்னா முடிஞ்சுது.”

“அப்படியிருந்துமா உங்கள இங்க அனுப்புனாரு?”

“ஆமா.”

“சொந்த அப்பாவுக்கு உள்ளத விட்டுட்டா?”

“ஆமா, உலகு.”

சொல்லும்போதுதான் அவருக்கே அது முழுசாகப் புரிந்தது. இத்தனை வருசம் ஏழு மதத்திலும் எதைத் தேடினாரோ, அது இதுதான். நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கூச்சமில்லாமல் அழுதார்.

அவள் அவரை அழ விட்டாள். கோபம் இன்னும் தீரவில்லை. பிறகு முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தத் தம்பிய நான் பாக்கணும். ரயில் எப்போ?”

*

அவள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது ஒன்று இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் புறப்பட்டாள். துறைமுக ஊருக்கு அவர்கள் போய்ச் சேர ஆறு நாள் ஆகிவிட்டது.

நப்தாலி கடையில் முட்டை பார்த்துக்கொண்டிருந்தார். படியேறி வந்த அம்மாள் முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள்.

“தம்பி, நான்தான் உலகம்மா.”

நப்தாலி எழுந்து நின்றுவிட்டார். கையில் ஒரு முட்டை. அதை எந்தக் கூடையில் வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“இவுக உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாக,” என்றாள்.

குற்றாலலிங்கம் முன்னால் வந்தார்.

“எனக்கு அந்த ஏழு கட்டளை போதும், ஐயா. இருக்க இடத்துலயே இருந்து அதையாவது ஒழுங்காப் பாக்கேன்.”

“நோட்டு?”

“வீட்டுல கிடக்கு. அந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கு மார்க் போடத் தெரியல.”

நப்தாலி தலையை ஆட்டினார். சந்தோஷமா வருத்தமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரெண்டும்தான்.

உலகம்மாள் கேட்டாள்:

“பதினோரு மாசம் முடிஞ்சு போச்சா, தம்பி?”

“முந்தாநாள் முடிஞ்சுதும்மா.”

“இவுகளச் சேத்திருந்தா பத்து ஆயிருக்குமே.”

“பத்து ஆயிருக்கும்மா. உங்க வீட்ல ஒண்ணு குறைஞ்சிருக்கும்.”

உலகம்மாள் கூடைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பாவப் பத்தி யாருகிட்டயாவது பேசுனீயளா, தம்பி? இந்தப் பதினோரு மாசத்துல?”

“இல்லம்மா. அதுக்குப் பத்துப் பேர்...”

“அது கடவுள்கிட்டச் சொல்லுததுக்கு. மனுசங்ககிட்ட அப்பாவப் பத்திப் பேசுததுக்கும் பத்துப் பேரு வேணுமா?”

அறுநூற்றுப் பதிமூன்று கட்டளையையும் கரைத்துக் குடித்தவர் நப்தாலி. எந்தக் கேள்வி கேட்டாலும் எந்தப் பெரியவர் என்ன சொன்னார் என்று எடுத்து வைக்கிறவர். அன்றைக்கு வாயைத் திறந்தார், மூடினார்.

“வேண்டாம்மா,” என்றார் கடைசியில்.

“அப்போ சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரு இருக்கோம்.”

மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, அந்த முட்டைக்கடைப் படியில் உட்கார்ந்தாள். குற்றாலலிங்கமும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நப்தாலி கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தார். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு கூடைமேல் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“எங்கப்பாவுக்கு இடின்னா பயம்மா. இடி இடிச்சா ஒரு ஸ்தோத்திரம் சொல்லணும், எங்க முறையில. ஒரு தடவைகூட விட்டதில்ல அவர். ஆனா கட்டிலுக்கு அடியில படுத்துட்டுத்தான் சொல்லுவார்.”